மல் வேட்டியிலிருந்து ஜெர்சி வரை: வடசென்னை ஆண்களின் கோடை உடை

ராயபுரத்தில் 1960களின் தொடக்கத்தில் எடுத்த குடும்பப் புகைப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். படத்தில் உள்ள ஆண்களில் பெரும்பாலோர் தொளதொளவென்ற அரைக்கைச் சட்டையும் வேட்டியும் உடுத்தியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் தொப்புளுக்கு மேல் ஏற்றி அணிந்த அகலக் கால் பேண்ட்டில் நிற்கிறார். மின்விசிறிகூட எல்லா வீட்டிலும் இல்லாத அந்த நாளில் இவர்கள் கத்திரி வெயிலை எப்படித் தாங்கினார்கள், இந்த உடைகள் இன்று நாம் அணிபவற்றைவிட உண்மையிலேயே கோடைக்கு ஏற்றவையா, அப்படியானால் இன்று இவற்றை அலுவலகத்துக்கு அணிந்து செல்ல முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். அந்தப் படத்தில் உள்ள உடைகளைப் பொறுத்தவரை என் பதில், ஆம், அவை இன்றைய உடைகளைவிட ஏற்றவை என்பதுதான். ஆனால் அந்தப் படம் பதினைந்து ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்டிருந்தால் பதில் நேர்மாறாக இருந்திருக்கும். 1970களிலும் 80களிலும் நம் ஆண்கள் விரும்பி அணிந்த டெரிலின் என்ற பாலியெஸ்டர் சட்டைகளும் பெல்பாட்டம் பேண்ட்களும் இந்த ஊர் வெயிலுக்கு வந்த உடைகளிலேயே மிக மோசமானவை. இன்று கடையில் தொங்கும் எந்தச் சாதாரண டீ-சர்ட்டும் அவற்றைவிட மேல். ஆகவே பழையது, புதியது என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, துணியையும் தையலையும் சலவையையும் தனித்தனியே பார்ப்பதுதான் பயன் தரும். துணி வணிகத்தில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் அப்படியே விளக்க முயல்கிறேன்.

முதலில் இந்த ஊர் வெயிலின் இயல்பைச் சொல்ல வேண்டும். சென்னையில் பதிவான உச்ச வெப்பம் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி செல்சியஸ். ஆயினும் வடசென்னையில் வாட்டுவது வெப்பத்தைவிடப் புழுக்கம்தான். திருவொற்றியூரிலிருந்து காசிமேடு, ராயபுரம் வழியாகத் துறைமுகம் வரை கடலை ஒட்டியே ஊர் நீண்டிருக்கிறது. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறிவிட்டால் வெப்பம் சற்றுத் தணியும். மேல்காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமானால் அன்று அனல் கொளுத்தும். எப்படியானாலும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். மனிதத் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், உடல் தன் வெப்பத்தை வெளியேற்ற ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாகாமல் முதுகில் வழிந்து இடுப்பில் தேங்கும் வியர்வையால் அந்தப் பயன் ஏதுமில்லை. எனவே நம் கோடை உடையின் வேலை, வியர்வையை வாங்கிக்கொண்டு, காற்று அதன்மேல் படும்படி விட்டு, ஆவியாக்குவது. ராஜஸ்தானத்தின் வறண்ட வெயிலுக்கும் நம் வெயிலுக்கும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. அங்கே வியர்வை தானே காய்ந்துவிடும். இங்கே துணி துணை செய்தாக வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு வேட்டியைப் பாருங்கள். நான்கு முழ வேட்டி என்பது ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளமுள்ள ஒற்றைத் துணி. எட்டு முழம் அதன் இரட்டிப்பு, இரண்டாக மடித்துக் கட்டுவது. கோடைக்கு மெல்லிய மல் துணியில் நெய்த வேட்டியையே வசதியுள்ளவர்கள் தேடி வாங்கினார்கள். நூலின் மென்மையைக் கவுண்ட் என்ற எண்ணால் குறிப்பார்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூற்கட்டுகள்) எத்தனை உண்டோ அதுவே கவுண்ட்; எண் கூடக்கூட இழை மெலியும். சாதாரண வேட்டி 40 கவுண்ட் நூலில் நெய்யப்படும், நல்ல மல் வேட்டி 80, 100 கவுண்ட் வரை போகும். பருத்தி இழை தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தைச் சாதாரணமாகவே தன்னுள் வைத்திருக்கும்; பாலியெஸ்டருக்கு இது அரை சதவீதம்கூட இல்லை. அதோடு வேட்டிக்குத் தையலே கிடையாது. இடுப்பைச் சுற்றி ஒரு பிடிப்பு, கீழே முழுவதும் திறப்பு. நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் உள்ளே இருக்கும் சூடான காற்று வெளியேறிப் புதிய காற்று புகும். மடித்துக் கட்டினால் முழங்காலுக்குக் கீழே உடையே இல்லை. கொசு வரும் மாலையில் இறக்கிவிட்டால் கணுக்கால் வரை போர்வை. ஒரே உடையை நாளின் வெயிலுக்குத் தக்கவாறு ஏற்றி இறக்கும் இந்த வசதி, தைத்த உடை எதற்கும் இல்லை.

கைலிக்கும் இதே குணங்கள்தாம், ஒன்றைத் தவிர: அது கட்டம் போட்ட வண்ணத் துணி, அழுக்குத் தெரியாது. காசிமேட்டில் வலை இழுப்பவரும் துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவரும் கொத்தவால்சாவடியில் காய்கறி இறக்கியவரும் வேட்டியை விசேஷத்துக்கு வைத்துக்கொண்டு வேலைக்குக் கைலி கட்டியது இதனால்தான். உள்ளே பட்டாபட்டி. கோடு போட்ட பருத்தித் துணியில் தொடை பாதி வரை தைத்து, இடுப்பில் நாடா கோத்த அந்த உள்ளாடையை இன்றைய இளைஞர்கள் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் தொடையிடுக்கில் துணி ஒட்டாமல், எலாஸ்டிக் இறுக்காமல், வேர்க்குருவும் படர்தாமரையும் வராமல் காத்தது அதுதான். மேலே முண்டா பனியன், தோளில் துண்டு. துண்டை வெறும் அலங்காரம் என்று எண்ண வேண்டாம். தலைக்கு முண்டாசு, முகம் துடைக்க, சுமைக்குச் சும்மாடு, குழாயடியில் நனைத்துப் பிடரியில் போட்டால் குளிர்ச்சி என்று அது நாளெல்லாம் வேலை செய்தது. பிடரியில் கிடக்கும் ஈரத் துண்டு காயும் வரை தோலின் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்று குளிர்ச்சித் துண்டு என்று பெட்டியில் அடைத்து விற்கப்படும் செயற்கை இழைத் துண்டு செய்வதும் இதே வேலைதான்.

மண்ணடியில் வெள்ளைக் கைலியும் ஜிப்பாவும், சௌகார்பேட்டையில் மல் வேட்டியும் குர்தாவும், பர்மாவிலிருந்து திரும்பி வந்து வியாசர்பாடியில் குடியேறியவர்களிடம் லோஞ்சி என்று, கட்டும் முறையும் கரையும் சமூகத்துக்குச் சமூகம் மாறின. தளர்வான, மெல்லிய, பருத்தித் துணி என்ற அடிப்படை மட்டும் எங்கும் ஒன்றாகவே இருந்தது.

இந்தக் கட்டத் துணிக்கும் வடசென்னைக்கும் உள்ள உறவு பலரும் நினைப்பதைவிட ஆழமானது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஊருக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி உட்கார்ந்ததே சோழமண்டலக் கரையின் துணிகளுக்காகத்தான். பாலையக்காட்டுக் கைலி என்று நாம் சொல்வது அந்தத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய துணி. திருவொற்றியூரை அடுத்த காலாடிப்பேட்டை, ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெசவாளர்களைக் குடியமர்த்த உருவான ஊர். வண்ணாரப்பேட்டையோ கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளர்களின் குடியிருப்பு. நெய்தல், சாயமேற்றல், வெளுத்தல், கப்பலேற்றல் எல்லாம் சில மைல்களுக்குள் நடந்தன. மணற்பாங்கான கடலோர நிலத்தில் விளைந்த சாயவேரிலிருந்து சிவப்பும், அவுரியிலிருந்து நீலமும் கிடைத்தன. ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப் என்ற வணிகப் பெயரில், ஒரு கெஜச் சதுரங்களாக எட்டைச் சேர்த்து நெய்த கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தலைமுறை தலைமுறையாகப் போனது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதைப் பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகளுக்கு இன்றியமையாததாகக் கருதினார்கள்.

அமெரிக்காவுக்கு அது வேறு வகையில் போய்ச் சேர்ந்தது. 1958-இல், வில்லியம் ஜேக்கப்சன் என்ற துணி இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டத் துணியை வாங்கிப் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு விற்றார். இயற்கைச் சாயம் கொண்ட துணி என்பதால் குளிர்ந்த நீரில் தனியே துவைக்க வேண்டும் என்ற செய்தி வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் ஒன்றில் ஒன்று கலந்து ஓடியது, புகார்கள் குவிந்தன. அந்தக் குறையையே துணியின் தனிச்சிறப்பாக, சாயம் ஓடுவது உறுதி என்று விளம்பரம் செய்தார்கள். 1960களின் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே மெட்ராஸ் கட்டச் சட்டையும் கோட்டும் கோடைக்கால நாகரிகத்தின் அடையாளமாயின. மேற்கத்திய ஆண்களின் பழைய கோடை உடை என்று இன்று பேசப்படும்போது முதல் வரிசையில் வருபவை மூன்று: லினன் சூட், சீர்சக்கர் சூட், மெட்ராஸ் கட்டம். ராயபுரத்தில் மூட்டை தூக்கியவர் இடுப்பில் இருந்த அதே வகைத் துணி, அங்கே கோடை விடுமுறைக்குப் போகும் செல்வர் வீட்டுப் பிள்ளையின் தோளில் கோட்டாகக் கிடந்தது. நம்மவர்கள் அதே ஆண்டுகளில் கைலியைத் தாழ்வாக எண்ணத் தொடங்கியது எனக்கு இன்றளவும் வருத்தம் தரும் செய்தி.

சீர்சக்கர் பற்றி ஒரு சொல். அதில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளில் சிலவற்றைத் தளர்வாகவும் சிலவற்றை இறுக்கமாகவும் விட்டு நெய்வதால் துணி வரிவரியாகச் சுருங்கி மேடு பள்ளமாக இருக்கும். மேடுகள் மட்டுமே தோலில் படும், பள்ளங்களில் காற்று ஓடும். நியூ ஆர்லியன்ஸ் நகரமும் நம்மைப் போலவே புழுங்கும் ஊர். அங்கே ஜோசப் ஹாஸ்பெல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் துணியில் சூட் தைத்து விற்றார். அதே பயனை நம் வீடுகளில் கஞ்சி கொடுத்தது. சோறு வடித்த கஞ்சியை நீர்த்து, துவைத்த வேட்டியை அதில் முக்கிக் காயப்போட்டால் துணி விறைத்து நிற்கும். உடம்போடு படியாது, இடையில் காற்றுக்கு இடம் இருக்கும். தெருப் புழுதியும் வியர்வை அழுக்கும் இழையில் இறங்காமல் கஞ்சியின் மேல் தங்கி, அடுத்த சலவையில் கஞ்சியோடு சேர்ந்து போய்விடும். அளவு முக்கியம். கெட்டிக் கஞ்சி துணியின் கண்களை அடைத்துவிடும். மேடையில் மொடமொடவென்று நிற்கும் அரசியல்வாதியின் வேட்டிக்கு அது சரி, வெயிலில் நடப்பவருக்கு வடிநீர்க் கஞ்சியே போதும். சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைத்து ஆவியில் வேகவைத்துத் துவைத்த வெள்ளைத் துணியில் வியர்வையின் நெய்ப்பசை முழுவதும் போயிருக்கும். அந்தப் பசை போனால்தான் பருத்தி மீண்டும் ஈரத்தை வாங்கும். இன்று துணியை மென்மையாக்க நாம் ஊற்றும் வாசனைத் திரவம் இழைமேல் மெல்லிய கொழுப்புப் படலத்தை ஏற்றி, அந்தக் குணத்தைக் குறைக்கிறது.

இனி உங்கள் படத்தில் பேண்ட் அணிந்து நிற்பவர். பெரம்பூர் ரயில்வே பணிமனைகளும் துறைமுகமும் பாரிமுனை அலுவலகங்களும் பேண்ட்டை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தன. பெரம்பூர், ராயபுரம் பகுதிகளின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அதை அழகாக அணிந்து காட்டின. 1950களின் பேண்ட் உயர்ந்த இடுப்பு, முன்பக்கம் இரண்டு ப்ளீட் (மடிப்பு), நேராக இறங்கும் அகலக் கால் என்று தைக்கப்பட்டது. இடுப்பு உயர்ந்திருந்ததால் துணி இடுப்பெலும்பில் கவ்வாமல் வயிற்றிலிருந்து தொங்கியது. ப்ளீட் இருந்ததால் உட்காரும்போது தொடையில் இறுகவில்லை. சட்டைக்கும் அதே கணக்கு. காமராஜர் அணிந்த கதர்ச் சட்டையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: கைக்குழி ஆழம், கை அகலம், முழங்கையைத் தொடும் அரைக்கை, இடுப்புக்குக் கீழே தளர்வாக வெளியே விட்ட பாடி. கை வழியாகப் புகும் காற்று அக்குளைக் கடந்து கழுத்து வழியாக வெளியேறும். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டால் இந்த ஓட்டம் நின்றுவிடும்.

பழைய உடைகளிலும் வெயிலைக் கணக்கில் எடுக்காதவை இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் பகுதியின் பெருமையான பக்கிங்காம் கர்நாடிக் ஆலை, 1876-இல் பக்கிங்காம் ஆலையாகத் தொடங்கி, கர்நாடிக் ஆலையோடு 1920-இல் இணைந்து, 1996-இல் மூடப்படும் வரை நெய்த துணிகளில் புகழ்பெற்றது காக்கி டிரில். போர்க்காலத்தில் படைகளுக்கும், பின்னர் காவல்துறைக்கும் போன உழைப்புத் துணி அது. உறுதியில் அதற்கு ஈடில்லை. ஆனால் கனம், நெருக்கமான நெசவு, காற்றுப் புகாமை. அதை முழுக்கால் பேண்ட்டாகத் தைத்துப் பித்தளைப் பட்டனும் பெல்ட்டும் போட்டு வெயிலில் நிறுத்தப்பட்டவர்கள் பட்ட துன்பம் சிறியதன்று. உயர் நீதிமன்றத்தைச் சுற்றிய வழக்கறிஞர்களின் கறுப்புக் கோட்டும், அலுவலகக் குமாஸ்தாக்கள் ஒரு தலைமுறை முழுவதும் அணிந்த மூடிய கோட்டும் தலைப்பாகையும் இந்த வகைதான். பதவியைக் காட்டுவதற்காக உடுத்தியவை அவை.

உண்மையான திருப்பம் டெரிலினோடு வந்தது. பாலியெஸ்டர் இழையை 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தார்கள்; 1960களின் நடுவில் இந்தியாவிலும் அது உற்பத்தியாகத் தொடங்கியது. 1969-இல் அமைந்த பர்மா பஜாரில் வெளிநாட்டு டெரிலின், நைலான் சட்டைகளுக்காக மக்கள் மொய்த்தார்கள். அவர்கள் அதை விரும்பியதற்குத் தக்க காரணம் உண்டு. பருத்திச் சட்டை ஓராண்டில் காலர் நைந்துவிடும், டெரிலின் பல ஆண்டுகள் உழைக்கும். தெருக் குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த வீட்டில், இரவில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்து மடிப்புக் கலையாமல் இருக்கும் சட்டை ஒரு வரம். கஞ்சி, நீலம், இஸ்திரி எல்லாம் மிச்சம், அந்த வேலையெல்லாம் செய்த பெண்களின் கைக்கும் ஓய்வு. ஆனால் உடம்பு அதற்கு விலை கொடுத்தது. டெரிகாட்டன் என்று விற்றதிலும் மூன்றில் இரண்டு பங்கு பாலியெஸ்டர்தான் இருந்தது. வியர்வையை அது வாங்காது, நெருக்கமாக நெய்ததால் காற்றும் புகாது. உடம்போடு ஒட்டப் பிடித்துத் தைத்து, நீண்ட காலர் வைத்து, கீழே கனத்த பெல்பாட்டம் அணிந்து மே மாதப் பிற்பகலில் பேருந்தில் நின்றவர்களின் முதுகில் வேர்க்குரு கொப்பளித்ததை அந்தத் தலைமுறையினர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெல்டிங் பட்டறைகளில் ஆபத்து வேறு இருந்தது. பருத்தி தீப்பொறி பட்டால் கருகும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இன்றைய உடைகளை இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் வைப்பேன். திருப்பூரின் பின்னல் துணி டீ-சர்ட், பருத்தியாக இருந்து 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) அளவுக்கு மெலிதாகவும் இருந்தால் கோடைக்கு நன்று. ஆனால் நல்ல மல் துணி அதில் பாதி எடைகூட இராது என்பதை நினைவில் வையுங்கள். வடசென்னை இளைஞர்களின் சீருடையாகவே ஆகிவிட்ட கால்பந்து ஜெர்சி சற்று நுணுக்கமான விஷயம். அதுவும் பாலியெஸ்டர்தான், ஆனால் பழைய டெரிலின் அன்று: கண்ணி கண்ணியாகப் பின்னி, வியர்வையைப் பரப்பி வேகமாக உலர வைக்கும்படி அமைத்தது. வியாசர்பாடி மைதானத்தில் ஓடும்போதும், பைக்கில் எதிர்க்காற்றில் போகும்போதும் அது நன்றாகவே வேலை செய்கிறது. அதையே அணிந்து காற்றில்லாத அறையில் உட்கார்ந்தால் பிசுபிசுக்கும். வியர்வை நாற்றத்துக்குக் காரணமான மைக்ரோகாக்கஸ் வகை பாக்டீரியா பாலியெஸ்டரில் பெருகும் அளவுக்குப் பருத்தியில் பெருகுவதில்லை என்பதால் நாற்றமும் தங்கும். ஜீன்ஸை என்னால் ஆதரிக்க முடியவில்லை. 12 அவுன்ஸ் டெனிம் என்றால் சதுர மீட்டருக்கு 400 கிராம். போர்வையின் எடையைக் காலில் இறுக்கிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நிற்பதை அழகு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் இழை கலந்த ஸ்லிம் ஃபிட் சட்டையும் பேண்ட்டும் துணியால் தேறினாலும் தையலால் தோற்கின்றன. தோலுக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓட இடமே இல்லை. காலரிலும் பட்டன் பட்டியிலும் பசை கேன்வாஸ் ஒட்டியிருப்பதால் கழுத்தைச் சுற்றி வியர்வை தேங்குகிறது. இவையெல்லாம் ஏ.சி. அறைக்காக வடிவமைத்த உடைகள். வீட்டிலிருந்து அலுவலகம் வரை ஏ.சி. உள்ளவருக்குப் பொருந்தும், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நிற்பவருக்குப் பொருந்தாது.

அந்தப் பழைய வசதியை இன்று பெறுவது கடினமன்று, விலையும் அதிகமன்று. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் பாரிமுனை கோடவுன் தெருவிலும் வாயில் (voile), கேம்ப்ரிக், மெல்லிய பாப்ளின் ஆகிய பருத்தி வகைகள் வெட்டுத் துணியாகக் கிடைக்கும். கோ-ஆப்டெக்ஸில் கைத்தறிக் கட்டத் துணி கிடைக்கும். கடையில் நிற்கும்போது துணியை ஒற்றையாக விரித்து வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். மறுபுறம் வைத்த உள்ளங்கையில் மூச்சுக் காற்று தாராளமாகப் பட வேண்டும். ஓரத்திலிருந்து நாலு இழை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்; முனையில் கறுத்த கெட்டி மணி உருண்டால் அதில் பாலியெஸ்டர் இருக்கிறது. லினன் மிக நல்ல துணிதான், பருத்தியைவிடவும் கூடுதலாக ஈரம் வாங்கும். ஆனால் அது இங்கே உழைப்பவர்கள் உடுத்திய துணியாக ஒருபோதும் இருந்ததில்லை. அந்த விலையில் இரண்டு மூன்று வாயில் சட்டைகள் தைத்துக்கொள்ளலாம், வெயிலில் கிடைக்கும் சுகத்திலும் பெரிய வேறுபாடு தெரியாது. நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தளர்வான உடையில் நிறத்தின் விளைவு குறைந்துவிடுகிறது; பாலைவனத்தில் பெடூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிந்தே வாழ்கிறார்கள். ஒட்டித் தைத்த சட்டை என்றால் மட்டும் வெளிர் நிறம் கட்டாயம்.

அலுவலகம் பற்றிக் கேட்டீர்கள். பொது இடங்களில் வேட்டிக்குத் தடை என்பது சட்டப்படி முடிந்துபோன கதை. வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப் உள்ளே விட மறுத்ததைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு 2014-இல் அத்தகைய உடைத் தடைகளை நீக்கச் சட்டம் இயற்றியது. 2019-இல் அரசு ஊழியர்களுக்கான உடை ஆணையிலும் வேட்டிக்கு இடம் தரப்பட்டது. வழக்கறிஞர்களுக்குக்கூட, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் நீங்கலாக மற்ற நீதிமன்றங்களில் கோடையில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று இந்திய வழக்கறிஞர் கழக விதியே சொல்கிறது. ஜப்பான் 2005 முதல் கோடையில் கோட்டையும் டையையும் விட்டுவிட்டு ஏ.சி.யை 28 டிகிரியில் வைக்கும்படி அலுவலகங்களைக் கேட்டுக்கொள்கிறது. இங்கே விற்கப்படும் அறை ஏ.சி.களின் இயல்பு அளவே 2020 முதல் 24 டிகிரி. உங்கள் அலுவலகம் பேண்ட்தான் வேண்டும் என்று வற்புறுத்தினால், புகைப்படத்தில் நிற்பவருடைய பேண்ட்டையே தையற்காரரிடம் காட்டித் தைக்கச் சொல்லுங்கள்: இடுப்பு தொப்புளுக்கு இணையாக, முன்னால் இரண்டு ப்ளீட், தொடையில் தாராளம், மெல்லிய பருத்தித் துணி, பாக்கெட்டின் உள்துணியும் பருத்தி. சட்டைக்குக் கைக்குழியை ஓர் அங்குலம் ஆழப்படுத்தி, காலருக்குப் பசை கேன்வாஸ் இல்லாமல் அதே துணியை மடித்து வைத்து, கீழ்விளிம்பை நேராக வெட்டி இருபக்கமும் ஸ்லிட் விடச் சொன்னால், வெளியே விட்டு அணிந்தாலும் அலுவலகத்துக்கு ஏற்ற தோற்றம் இருக்கும். தைக்கக் கொடுப்பதற்கு முன் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் பிழியாமல் காயப்போட மறக்காதீர்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே நீளம் சுருங்கிவிடும். முதலில் ஒரே ஒரு சட்டை மட்டும் தைத்து, கத்திரி வெயில் நாளொன்றில் பிற்பகல் மின்சார ரயிலில் அதை அணிந்து போய்வாருங்கள். கைக்குழியோ நீளமோ மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பயணத்திலேயே தெரிந்துவிடும், மீதித் துணியை அதன்பிறகு வெட்டச் சொல்லலாம்.